இருபதுக்கு ஆறு

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் ‘யுனிவர்சிட்டி’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும்தான். காலையில் வாட்ச்மேன் யாரிடமாவது, “யுனிவர்சிட்டி வந்துடுச்சா?” என்று கேட்டால், “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று அவரே பதில் சொல்லிக்கொண்டு கேட்டுக்குள் நுழைவார். நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன். பெரிய மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அவர் டிபன் பாக்ஸில் வருகிற மீன் குழம்பு எனக்கு வேண்டியிருந்தது.

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருமல் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி அது. அக்கா குவாலிட்டி செக்கர். மூடியை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் பெட்டி மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. அவர் ஒட்டிவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் அந்தப் பெட்டி லாரி ஏறாது. நான் பேக்கிங் மேசையில் நாலு வருஷம் மூடி பொறுக்கியவள். டைப் அடிக்கத் தெரியும் என்பதால் பிறகு டிஸ்பாட்ச் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். சம்பளம் ஏறவில்லை, ஃபேன் கிடைத்தது.

அக்காவுக்கு டிகிரி கிடையாது. பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டது. டிகிரிக்குப் பதிலாக நாற்பத்தோரு சர்ட்டிபிகேட் வைத்திருந்தார். எல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், எல்லாம் செல்போனில் படித்தது. அந்தப் பெயர்களைச் சொன்னால் நீங்கள் எழுந்து நின்றுவிடுவீர்கள். மந்திரி வீட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறிப் போய்ப் படிக்கிற இடங்கள். அக்கா தன் ஊரான பிள்ளைச்சாவடியில் பஸ் ஏறிப் படித்தார்.

பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போன் இருக்கும். இன்னொரு காது கண்டக்டருக்கு. வாத்தியார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வருவார். முன்னால் நிற்கிற ஆள் தனக்குத்தான் தலையாட்டுகிறார் என்று நினைத்துத் தன் மருமகள் கதையை முழுதாகச் சொல்லி முடித்த சம்பவமும் உண்டு. கடற்கரை ஓரத்தில் சிக்னல் போய்விட்டால், விட்ட இடத்திலிருந்து இல்லை, அந்தப் பாடத்தை முதலிலிருந்து பார்ப்பார். “டபுள் ஸ்பீடு வச்சு ஓட்டுனா சீக்கிரம் முடிஞ்சிடும்க்கா” என்று நான் ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன்டி, எதிர்ல வாத்தியார் நின்னு பேசிக்கிட்டு இருக்கும்போது, சீக்கிரம் பேசுய்யான்னு சொல்லுவியா?”

“அவரு எதிர்ல இல்லியேக்கா. அது எப்பவோ எடுத்த வீடியோ.”

“எப்பவோ எடுத்தா மரியாதை இல்லாம பூடுமா?”

வாத்தியார்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார். நீலச் சட்டைக்காரர், சொட்டைத் தலையர், செகப்பு ஸ்வெட்டர் அம்மா. அவர்களைப் பற்றிய கவலை வேறு. “ஸ்வெட்டர் அம்மா அஞ்சாவது பாடத்துல ரொம்ப எளச்சிட்டாங்கடி, வீட்ல ஏதோ பிரச்சினைபோல” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே வருத்தப்படுவார். அவர்களிடமிருந்து ஒரு கெட்ட பழக்கம் மட்டும் இவருக்கு ஒட்டிக்கொண்டது. யார் என்ன கேட்டாலும் முதலில், “தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்” என்பார். “அக்கா, சாப்ட்டீங்களா?” என்று கேட்டாலும் அதே பதில்தான். நாங்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

படிப்பது அவரோடு போயிருந்தால் தொந்தரவில்லை. படித்ததை எங்கள் மேல் பரிசோதனை செய்வார். மகிழ்ச்சி பற்றி ஒரு படிப்பு படித்தார். மனிதன் சந்தோஷமாக இருப்பது எப்படி என்று அமெரிக்காவில் அதையும் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் வீட்டுப்பாடம், நமக்கு உதவி செய்த ஒருவரை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். அக்கா நேராக வாட்ச்மேனிடம் போய், “அண்ணே, பத்து வருஷமா நீங்க தினமும் கேட்டத் தொறந்து உட்டீங்க. உங்கள நான் மறக்கமாட்டேன்” என்று சொல்லிக் கண் கலங்கினார். வாட்ச்மேன் பயந்துபோய்விட்டார். அக்காவுக்கு ஏதோ பெரிய வியாதி, டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று மதியத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவியது. பேக்கிங் பெண்கள் சேர்ந்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா அதற்கும் நன்றி சொன்னார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

பேரம் பேசுவது பற்றி ஒரு படிப்பு. அவர் வீட்டுக்காரர் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிற டெம்போ டிரைவர். அந்த வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு, கற்றதைச் செய்துகாட்ட அக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைச்சாவடியில் கரையிலேயே மீன் கிடைக்கும்போது மார்க்கெட்டில் வந்து வாங்கியது, படிப்புக்காக மட்டும்தான். வஞ்சிரத்துக்கு ஒரு விலை கேட்டார், மீன்கார அம்மாள் முடியாது என்றாள். அக்கா உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். “திரும்பிப் பாக்காதடி. இப்பக் கூப்புடுவா. நீலச் சட்டைக்காரர் சொல்லியிருக்காரு.” நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மார்க்கெட்டைத் தாண்டி நேரு வீதி வரைக்கும் வந்துவிட்டோம். அன்றைக்கு அவர் வீட்டில் முட்டைக் குழம்பு.

வீட்டுக்காரர் அவரைச் சதா கேலி செய்வார். “நாப்பத்தோரு பட்டம் வாங்கியிருக்கா, ரசத்துல உப்புப் போடறதுக்கு மட்டும் எவனும் கிளாஸ் எடுக்கல” என்பார். ஆனால் டெம்போவின் டாஷ்போர்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், லேமினேட் செய்த ஒரு சர்ட்டிபிகேட் இருக்கும். டிராபிக் போலீஸ் நிறுத்தினால் முதலில் அதைத்தான் காட்டுவாராம்.

இந்தச் சர்ட்டிபிகேட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். முடியாதவர்கள், ஏன் முடியவில்லை, இந்தப் படிப்பு உங்கள் வேலைக்கு எப்படி உதவும் என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டால் சில நாளில் இலவசமாகத் தந்துவிடுவார்கள். உலகமே ஒரே கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதுவார். நட்சத்திரங்களைப் பற்றிய படிப்புக்கு, ‘இது என் வேலைக்கு எந்த விதத்திலும் உதவாது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்’ என்று எழுதினார். முடியாது என்று பதில் வந்தது. “ஏதாவது ஒரு பொய் எழுதியிருக்கலாம்லக்கா? அத மிஷின்தான படிக்குது” என்றேன். “மிஷின்கிட்ட மட்டும் பொய் சொல்லலாமா?” என்று கேட்டார். இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது?

இதைவிடப் பெரிய தலைவலி, பேப்பர் திருத்துவது. இந்தப் படிப்புகளில் ஒரு ஏற்பாடு உண்டு. ஆயிரக்கணக்கான பேர் படிப்பதால் எல்லாப் பேப்பரையும் வாத்தியார் திருத்த முடியாது. படிக்கிறவர்களே ஒருவர் பேப்பரை இன்னொருவர் திருத்திக்கொள்ள வேண்டும். எல்லோரும் திறந்துகூடப் பார்க்காமல் முழு மார்க்கையும் போட்டுவிட்டுப் போவார்கள். அக்கா ஒவ்வொரு வரியாகப் படிப்பார். ஒரு தடவை பிரேசில்காரன் ஒருவன் மொத்தமே மூன்று வரி எழுதி, ‘தயவுசெய்து பாஸ் போடுங்கள், எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது’ என்று முடித்திருந்தான். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மீன் குழம்பு அதிகமாகக் கிடைத்தது. மூன்றாம் நாள் அவனை ஃபெயில் போட்டார். எங்கே தப்பு, எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிவைத்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அந்தக் குழந்தை பேரில் விளக்கும் போட்டார். குழந்தை பேர் தெரியாததால் பிரேசில் என்று சொன்னாராம்.

இவ்வளவும் எதற்கு என்று நான் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். குவாலிட்டி இன்சார்ஜ் வேலை. கண்ணாடி அறை, மேசை, தனியாக ஒரு முத்திரை. பதினொரு வருஷமாக அந்த அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து மூடி அளந்துகொண்டிருந்தார். உள்ளே மூன்று பேர் வந்து போனார்கள். மூவருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தது இவர்தான். ஒவ்வொரு முறை இடம் காலியாகும்போதும் இவர் விண்ணப்பம் போடுவார், டிகிரி இல்லை என்று மேனேஜர் திருப்பிக் கொடுப்பார்.

அப்புறம் சின்ன முதலாளி பிரான்சிலிருந்து படிப்பை முடித்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் எங்களையெல்லாம் நிற்கவைத்து, இனிமேல் டிகிரி முக்கியமில்லை, திறமைதான் முக்கியம், ஆன்லைன் சர்ட்டிபிகேட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்சார்ஜ் இடம் அப்போது காலி, அக்கா மறுபடி விண்ணப்பம் போட்டார். ஒரு இன்டர்வியூ, மேனேஜர் பரிந்துரைத்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் பாக்கி.

சின்ன முதலாளி இன்னொன்றும் சொன்னார். ஆபீஸ் ஆட்கள், சூப்பர்வைசர்கள், அக்கா, நான், மேனேஜர் உட்பட பதினெட்டுப் பேரும் தரக் கட்டுப்பாடு பற்றி ஒரு படிப்பை முடித்தாக வேண்டும். நடத்துவது முன்னூறு வருஷத்துப் பல்கலைக்கழகம். கம்பெனியே பணம் கட்டிவிட்டது. கடைசியில் இருபது மார்க்குக்கு அறுநூறு வார்த்தையில் ஒரு கட்டுரை: உங்கள் வேலையிடத்தில் நடந்த ஒரு தவறும் நீங்கள் அதைச் சரிசெய்த விதமும். கம்பெனி மொத்தமாகச் சேர்ந்ததால் எங்களுக்குள்ளேயே பேப்பரை மாற்றிக்கொள்வோம், ஒரு பேப்பரை ஒரு ஆள் திருத்தினால் போதும்.

மேனேஜர் என் மேசைக்கு வந்தார். நல்ல மனுஷன்தான், இங்கிலீஷ் மட்டும் வராது. “ம்மா, எனக்கு டைம் இல்ல. நீ சும்மாதான கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்க? என்னுதையும் சேத்து எழுதிடு” என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஃபேனை விட்டுப் போக மனசும் இல்லை. இணையத்தில் தேடி, யாரோ எழுதிய கட்டுரையை அப்படியே எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் புதுச்சேரி என்று மாற்றினேன். வார்த்தை குறைந்தது. நடுவில், மூன்றாவதாக, மூடியைப் பற்றி எனக்குத் தோன்றியதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு பத்தி அடித்து நிரப்பினேன். என் பேப்பருக்கு வேறு ஒரு கட்டுரையைத் திருடினேன். இரண்டையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமல் செல்போனை என் பக்கம் திருப்பினார். மேனேஜர் பேப்பர் திருத்துவதற்கு அவரிடம் வந்திருந்தது. மேலே அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“படி” என்றார்.

படித்தேன். அப்போதுதான் முதல் தடவையாக முழுதாகப் படிக்கிறேன். கடும் பனிப்புயலினால் புதுச்சேரியில் நெடுஞ்சாலைகள் மூடப்பட்டு, மூலப்பொருள் ஏற்றிய லாரிகள் மூன்று நாட்கள் உறைந்து நின்றுவிட்டன என்று இருந்தது. பனியை வாரிக் கொட்டத் தொழிலாளர்களுக்கு மண்வெட்டியும் ரோமக் கையுறையும் வழங்கியதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க வாயில் சோற்றை அடைத்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

“திங்கக்கிழமை இன்டர்வியூக்கா” என்றேன். “அந்த ஆளுதான் கையெழுத்துப் போடணும். கண்ண மூடிக்கிட்டு ஒரு இருபது போட்டு உடுங்க. யாரு பாக்கப்போறா?”

“தெரியும்டி.”

“ஸ்டோர் கீப்பரு தனக்கு வந்ததுக்கு இருபதுக்கு இருபது போட்டுட்டாரு. பேப்பரத் தொறக்கவே இல்ல.”

“அதுவும் தெரியும்.”

“அப்புறம் இன்னா? பதினோரு வருஷம்க்கா!”

செல்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: “கைக்கொழந்தக்காரன ஃபெயில் போட்டேன். காரு வச்சிருக்கறவருக்கு எப்டிடி பாஸ் போடறது?”

நான் அந்த இடத்தில், அதை எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா ஒருவேளை மேனேஜரிடம் நேராகப் போய்ப் பேசியிருப்பார், வேறு பேப்பர் கேட்டிருப்பார், ஏதோ ஒன்று நடந்திருக்கும். சொல்லவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்துபோனேன். எனக்கு என் வேலை பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அக்கா ஆறு மார்க் போட்டார். இருபதுக்கு ஆறு. பாஸாகப் பதினாலு வேண்டும். கீழே, ‘இந்த ஊரில் பனி பெய்த நாளைத் தெரிவித்தால் மறுபரிசீலனை செய்கிறேன்’ என்று குறிப்பு எழுதி, தன் பெயரையும் போட்டிருந்தார். சின்ன முதலாளி ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். பதினேழு பேர் பாஸ், ஒருவர் ஃபெயில். நான் இருபதுக்கு இருபது.

மேனேஜர் திங்கட்கிழமை யாரிடமும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னிடம் மட்டும் வந்து, “பூஜ்யம் போட்டிருந்தாக்கூட சரி, காப்பி அடிச்சதுக்குன்னு உட்டுடலாம். அது என்னாம்மா ஆறு? கிண்டல் பண்ணுதா அந்தம்மா?” என்று கேட்டார். எனக்கும் அந்த ஆறு புரியவில்லை. இன்டர்வியூவில் அக்காவின் நாற்பத்தோரு சர்ட்டிபிகேட்டையும் சின்ன முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்தாராம், ஆச்சரியப்பட்டாராம். பிறகு மேனேஜரின் கருத்தைக் கேட்டார். எல்லோரோடும் ஒத்துப்போகிற சுபாவம் இல்லை என்று மேனேஜர் சொன்னார். ஒரு வாரத்தில் கடலூரிலிருந்து டிகிரி வைத்திருந்த ஒருவர் வந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். மூடியை எந்தப் பக்கம் அளப்பது என்று முதல் நாள் அக்காவைக் கேட்டார். “தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்” என்று ஆரம்பித்து அக்கா சொல்லிக்கொடுத்தார்.

அன்று மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் ஷெட்டுக்குப் பின்னால் போனோம். அக்கா எனக்கு மீன் துண்டை எடுத்து வைத்தார். என்னால் அதைத் தொட முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. நான் சுலபமாக அழுகிறவள் இல்லை, அதனால் அசிங்கமாக அழுதேன்.

“அந்தப் பேப்பர எழுதுனது நான்தான்க்கா” என்றேன்.

“தெரியும்” என்றார், முள்ளை எடுத்துக்கொண்டே.

“எப்ப?”

“படிக்கும்போதே. மத்ததெல்லாம் எங்கியோ திருடுனது. மூணாவது பத்தி மட்டும் தப்புத் தப்பா இங்கிலீஷ்ல இருந்துச்சு. மூடி சூடா வரும்போது அளந்தா சரியாத்தான் இருக்கும், ராத்திரி ஆறுனப்புறம் சுருங்கிப் பூடும், காலையில பேக்கிங் பொண்ணுங்களுக்குக் கட்டவெரல்லயே தெரியும், ஆனா அவங்கள யாரும் கேக்கறதில்லன்னு. மேனேஜரு என்னிக்கிடி மூடியத் தொட்டுப் பாத்தாரு?”

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“பதினோரு வருஷமா ஸ்டூல்ல உக்காந்து அளக்கறேன். எனக்கே அது தோணல. கரெக்ட்டான பேச்சு. அதுக்குத்தான் ஆறு.”

“அத எடுத்துட்டுப் பூஜ்யம் போட்டிருந்தா அந்த ஆளுக்கு இவ்ளோ கோவம் வந்திருக்காதேக்கா.”

“அவருக்குக் கோவம் வரும்னு உன் மார்க்கக் கொறைக்க முடியுமா?”

அக்கா என் தட்டில் இருந்த மீனைச் சுட்டிக்காட்டி, சாப்பிடு என்று தலையை அசைத்தார். சாப்பிட்டேன். அவர் கை கழுவ எழுந்தபோது, ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல நின்று சொன்னார்:

“உன் பேர்ல அத மட்டும் எழுதி அனுப்பியிருந்தின்னா, இருபது போட்டிருப்பேன்டி.”